அரண்மனைச் சுவர் கிடைத்தது, அடுப்படி எங்கே?

கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டில் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தும் ஒவ்வொரு பருவத்திலும் ஏறக்குறைய ஒரே செய்தியை நாம் படிக்கிறோம்: அரண்மனைச் சுவர் கண்டெடுக்கப்பட்டது. 1980-களில் தொடங்கி, 2021 முதல் மீண்டும் மேற்கொள்ளப்பட்ட அகழாய்வுகளில் செங்கல் சுவர்கள், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்கள், ஏராளமான கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், வளையல் துண்டுகள், சீனப் பீங்கான் சில்லுகள் ஆகியவை கிடைத்துள்ளன. முதலாம் இராசேந்திரன் எழுப்பிய தலைநகரம் வெறும் மெய்க்கீர்த்திப் புகழ்ச்சி அல்ல என்பதற்கு இவை மண்ணுக்குள் கிடந்த சாட்சிகள். இக்கண்டுபிடிப்புகளின் மதிப்பை நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால், ஓர் அரண்மனை சுவர்களால் மட்டும் இயங்கியிருக்க முடியாது. அங்கே நெல் குத்தியவர்கள் இருந்தார்கள். விறகு பிளந்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், துணி வெளுத்தவர்கள், யானைக்கும் குதிரைக்கும் தீனி போட்டவர்கள், சாணமும் கழிவும் அள்ளியவர்கள், செத்த மாட்டை அப்புறப்படுத்தி அதன் தோலைப் பதப்படுத்தியவர்கள் இருந்தார்கள். அந்தக் கூரை ஓடுகளைச் சுட்ட சூளை எங்கேயோ எரிந்தது. அந்த ஆணிகளை அடித்த உலைக்களம் எங்கேயோ இருந்தது. இவர்கள் எங்கே சமைத்தார்கள், எங்கே உறங்கினார்கள், என்ன உண்டார்கள், இறந்தபின் எங்கே புதைக்கப்பட்டார்கள்? இந்தக் கேள்விகளுக்கான விடையும் அதே மண்ணில்தான் கிடக்கிறது. அகழ்குழியை எந்த இடத்தில் போடுவது என்ற முடிவே, யாருடைய வரலாறு வெளியே வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த முடிவு பொதுப்பணத்தில், பொது நிறுவனங்களால் எடுக்கப்படுகிறது. எனவே அது தொல்லியலாளர்களின் தனிப்பட்ட விவகாரம் அன்று. குடிமக்கள் கேள்வி கேட்க வேண்டிய விவகாரம்.

மண்ணுக்குள் பின்கட்டு எப்படித் தெரியும்?

பெரிய வீடு எந்த நாட்டில் இருந்தாலும் அதற்கு ஒரு முன்கட்டும் ஒரு பின்கட்டும் உண்டு. முன்கட்டு கல்லாலும் செங்கல்லாலும் ஆனது, பார்ப்பதற்காகக் கட்டப்பட்டது. மடைப்பள்ளி, களஞ்சியம், கொட்டில், லாயம், சலவைத் துறை, ஏவலர் குடில்கள் ஆகியவை அடங்கிய பின்கட்டோ பெரும்பாலும் மண்ணாலும் மூங்கிலாலும் ஓலையாலும் ஆனது. பார்வையிலிருந்து மறைப்பதற்காகவே தள்ளி வைக்கப்பட்டது. கல் நிலைக்கிறது, மண் கரைகிறது. அதனால்தான் "அங்கே ஒன்றும் இல்லை" என்ற எண்ணம் எளிதில் பிறக்கிறது.

இன்றைய தொல்லியல் முறைகள் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிவிட்டன. குடிசைக்காக நடப்பட்ட மூங்கிற்கால் மக்கிப்போனாலும், அந்தக் குழியில் சேர்ந்த மண் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நிறம் மாறி வட்டமாகத் தெரியும். அத்தகைய வட்டங்களை இணைத்தால் ஒரு குடிசையின் வடிவம் கிடைக்கும். தொடர்ந்து மிதிபட்ட தரை இறுகிப்போய்த் தனி அடுக்காக நிற்கும். அடுப்பு இருந்த இடத்தில் மண் வெந்து சிவந்திருக்கும். சாம்பல் கலந்த மண்ணை நீரில் கரைத்தால் கரிந்த தானியங்கள் மேலே மிதந்து வரும். அரண்மனைக் குப்பையில் நெல்லும் ஏவலர் குப்பையில் வரகும் மிதந்தால் அதுவே ஒரு சமூக ஆவணம். எலும்பில் உள்ள வெட்டுத் தடங்கள், மாட்டின் எந்தப் பாகம் யார் தட்டுக்குப் போனது என்பதைச் சொல்லும். மனிதரும் கால்நடையும் நெடுங்காலம் வாழ்ந்த மண்ணில் பாஸ்பேட்டின் அளவு கூடியிருக்கும். ஆகவே குடிசை தடயம் விட்டுச் செல்வதில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்தத் தடயத்தைத் தேடும் எண்ணம் இருக்கிறதா என்பதே கேள்வி.

மாளிகையிலிருந்து சமையற்கட்டுக்கு

இந்தத் திருப்பம் அமெரிக்காவில் எப்படி நிகழ்ந்தது என்பது நமக்குப் பயன்படும் பாடம். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணை மாளிகை நெடுங்காலம் ஒரு தேசத்தந்தையின் இல்லமாக மட்டுமே காட்டப்பட்டது. 1799-ல் அவர் இறந்தபோது அங்கே 317 அடிமைகள் இருந்தனர். 1980-களில், அவர்களுள் வீட்டு வேலை செய்தவர்கள் வாழ்ந்த கட்டடம் ஒன்றின் நிலவறைப் பள்ளம் அகழப்பட்டது. மீன், காட்டுப் பறவைகள், சிறு விலங்குகள் ஆகியவற்றின் எலும்புகளும், துப்பாக்கியின் தீக்கல் துண்டுகளும் ஈயக் குண்டுகளும் அதில் கிடைத்தன. எஜமானர் அளந்துகொடுத்த உணவை மட்டும் எதிர்பார்த்து அவர்கள் வாழவில்லை, தாமே வேட்டையாடியும் மீன் பிடித்தும் உண்டார்கள் என்பது தெரியவந்தது. எஜமானரின் கணக்கேடுகளில் அவர்கள் பெயரும் வேலையுமாகவே இருந்தனர். குப்பைக் குழியோ அவர்களை வாழ்ந்த மனிதர்களாகக் காட்டியது.

தாமஸ் ஜெபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையில், அவரால் அடிமையாக வைத்திருக்கப்பட்ட சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்ததாகக் கருதப்படும் அறை தெற்குப் பணிக்கட்டில் இருந்தது. 1941-ல் அந்த இடம் பார்வையாளர்களுக்கான கழிப்பறையாக மாற்றப்பட்டிருந்தது. 2017-ல் அதை அகற்றித் தோண்டியபோது பழைய தரையும் அடுப்படியும் வெளிப்பட்டன. ஒரு பெண்ணின் வாழ்விடத்தின் மேல் கழிப்பறை கட்ட முடிந்ததற்குக் காரணம் தீய நோக்கம்கூட அல்ல. அங்கே நினைவுகூரத்தக்க எவரும் வாழ்ந்ததாக யாரும் எண்ணாததுதான்.

நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு பிலடெல்பியா நகரத்தினுடையது. வாஷிங்டன் குடியரசுத் தலைவராக இருந்தபோது அங்கே ஒரு வீட்டில் வாழ்ந்தார்; அந்த வீட்டில் ஒன்பது அடிமைகளையும் வைத்திருந்தார். அவர்களுள் ஓனி ஜட்ஜ் என்ற இளம்பெண், 1796-ல் குடும்பத்தினர் உணவருந்திக்கொண்டிருந்த நேரத்தில் வெளியேறித் தப்பினார். வீடு 1832-ல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தின் வரலாற்றில் ஒன்பது பேரையும் சேர்க்க வேண்டும் என்று 2002 முதல் கறுப்பின அமைப்பு ஒன்று போராடியது. அதை முன்னின்று நடத்தியவர் ஒரு வழக்கறிஞர். அந்த அழுத்தத்தின் விளைவாக 2007-ல் அகழாய்வு நடந்தது. தலைவர் விருந்தினரை வரவேற்ற வளைவுச் சாளரத்தின் அடித்தளமும், அதற்குச் சில அடி தொலைவிலேயே சமையற்கட்டின் அடித்தளமும், சமையற்கட்டிலிருந்து வீட்டுக்குள் ஏவலர் கண்ணில் படாமல் போய்வர அமைத்த நிலத்தடி வழியும் வெளிப்பட்டன. பொதுமக்கள் நின்று பார்க்க மேடை அமைக்கப்பட்டது. 2010-ல் அங்கே நினைவிடம் திறக்கப்பட்டது. அகழ்குழி எங்கே போடப்பட வேண்டும் என்பதை அங்கே மக்கள் இயக்கம் தீர்மானித்தது. அதுதான் நமக்கான செய்தி.

கல்வெட்டில் வீட்டு எண் பெற்றவர்களும் பெறாதவர்களும்

சோழர் காலத்துப் பின்கட்டைப் பற்றி நமக்குச் சான்றே இல்லை என்று சொல்ல முடியாது. அரண்மனைப் பணிமகளிர் வாழ்ந்த 'வேளம்' என்ற குடியிருப்புகள் சோழர் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகின்றன. நீராட்டும் பணியோடு தொடர்புடைய 'திருமஞ்சனத்தார் வேளம்' என்பது போன்ற பெயர்களிலிருந்து, செய்யும் பணியை ஒட்டியே அவர்களின் குடியிருப்புகள் பிரிக்கப்பட்டிருந்ததை அறிகிறோம். போரில் சிறைப்பிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண்களும் அவற்றில் இருந்தனர் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதே வேளத்துப் பெண்கள் கோயில்களுக்கு விளக்கு எரிக்கக் கொடை அளித்ததையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. அடிமைநிலைக்குள்ளும் அவர்கள் தம் பெயரை ஒரு கல்லில் பதித்துச் சென்றார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியல் இன்னும் வியப்பானது. எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு, அதில் எத்தனையாவது வீடு, அங்கே வாழும் பெண்ணின் பெயர் என்ன, அவள் எந்தக் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டாள் என்று வீடு வீடாக எழுதப்பட்டுள்ளது. ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒரு பணியாளர் குடியிருப்பின் முழு வரைபடமே கல்லில் இருக்கிறது.

இப்போது அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டுத் தொகுதிக்கு வருவோம். கோயிலுக்கு வருவாய் தர வேண்டிய ஊர்களைப் பட்டியலிடும்போது, வரிக் கணக்கிலிருந்து கழிக்கப்பட்ட நிலங்கள் சொல்லப்படுகின்றன: ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள், சுடுகாடு. அவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி. உழப்பறையர் இருக்கும் சேரி என்ற குறிப்பும் உண்டு. சுடுகாடும் சில ஊர்களில் பறையருக்கெனத் தனியே குறிக்கப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊரும் சேரியும் தனித்தனி நிலமாக அளக்கப்பட்டிருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் இல்லை. ஆனால் இங்கே சிறகு இல்லை, வீட்டு எண் இல்லை, ஒருவருடைய பெயரும் இல்லை. குளத்தைப் போல, வாய்க்காலைப் போல, சேரியும் நில அளவில் ஓர் இனம்.

வேளத்துப் பெண்ணையும் தளிச்சேரிப் பெண்ணையும் சேரியில் வாழ்ந்தவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது தவறாகிவிடும். முதலிருவர் அதிகாரத்தின் மதிலுக்குள் வைக்கப்பட்ட ஏவலர். மூன்றாமவர் மதிலுக்கும் ஊருக்கும் வெளியே வைக்கப்பட்டு, உழைப்பு மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ளப்பட்டவர். அமெரிக்கப் பண்ணையில் அடிமைக் குடில் மாளிகையின் பின்புறம் இருந்தது. நம் மண்ணிலோ பின்கட்டின் ஒரு பகுதி வயல்களைத் தாண்டி இருந்தது. ஆகவே இங்கே பணியிடங்களை அகழ்வது என்றால், மாளிகைமேட்டின் மதிற்சுவரோடு நின்றுவிட முடியாது. கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றி ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்ற ஊர்ப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. படைக்கலமும் மெய்க்காவலும் சுண்ணாம்பு வேலையும் எந்தத் திசையில் இருந்தன என்பதை அந்தப் பெயர்களே சொல்கின்றன. அவற்றின் நடுவே சேரிகள் எங்கே இருந்தன என்பதுதான் இன்னும் தேடப்படாத பகுதி.

சேக்கிழார் தந்த பட்டியல்

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து சிதம்பரம் சுமார் 50 கிலோமீட்டர். அது தலைநகராக இருந்த 12-ஆம் நூற்றாண்டில்தான் சேக்கிழார் பெரியபுராணத்தைச் சிதம்பரத்தில் அரங்கேற்றினார் என்று மரபு சொல்கிறது. அதில் திருநாளைப்போவார் எனப்படும் நந்தனாரின் ஊரான, கொள்ளிடக் கரையின் ஆதனூர்ச் சேரியை அவர் விரிவாக வருணிக்கிறார். பக்திக் கதையாக மட்டுமே அதைப் படித்துப் பழகிவிட்டோம். ஒரு தொல்லியல் மாணவரின் கண்ணோடு ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

பழைய கூரையின் மேல் சுரைக்கொடி படர்ந்த சிறு குடிசைகள். தோல்வார் கிடக்கும் முற்றம். கையில் இரும்பு வளையமும் இடுப்பில் இரும்பு மணியும் அணிந்த பிள்ளைகள் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மருத மர நிழலில் தோலை விரித்துக் குழந்தையைத் தூங்கவைத்திருக்கிறாள் உழத்தி. மண்ணில் புதைத்த பெரிய பானைக்குள் கோழி அடைகாக்கிறது. மாமரக் கிளையில் பறைகள் தொங்குகின்றன. இவற்றுள் தோலும் ஓலையும் கொடியும் மண்ணோடு மண்ணாகிவிடும். ஆனால் புதைத்த பானை அப்படியே இருக்கும். இரும்பு வளையம் துருப்பிடித்த கட்டியாகக் கிடைக்கும். கோழி எலும்பும் நாய் எலும்பும் கிடைக்கும். ஒரு சேரி இருந்த இடத்தைத் தோண்டினால் எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு, 900 ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியல் ஒன்று நம் கையில் இருக்கிறது.

இது சேரிக்கு வெளியே நின்றவரின் பார்வை என்பதை நாம் மறக்கவில்லை. அவர் பயன்படுத்தும் 'புலை' என்ற சொல்லே அந்தத் தூரத்தைக் காட்டிவிடுகிறது. ஆனால் அவர் அறியாமலேயே வேறொன்றையும் பதிவு செய்கிறார். கோயில்களின் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர் நந்தனார். அவர் கொடுத்த தோல் சன்னிதிக்குள் ஒலித்தது. அவர் வாயிலுக்கு வெளியே நின்றார். தில்லைக்குள் நுழைய அவர் தீயைக் கடக்க வேண்டியிருந்தது என்கிறது கதை. பின்கட்டு என்பது ஓர் இடம் மட்டுமல்ல, பொருளை ஏற்று ஆளை விலக்கும் ஓர் ஏற்பாடு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த நந்தனாரின் பெயராலேயே 1916-ல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் பள்ளி தொடங்கியது, அந்த ஏற்பாட்டுக்குக் கல்வி தந்த பதில்.

கடலூரின் தோட்ட மாளிகை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள தோட்ட மாளிகை 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கெடிலம் கடலில் சேரும் இடத்துக்கு அருகே, தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையின் ஆங்கிலேய ஆளுநர்கள் கோட்டைக்கு வெளியே வாழ்வதற்காக அமைந்த வீடு அது. 1746 டிசம்பரில் பிரெஞ்சுப் படை அதைப் பிடித்துத் தங்கி, நவாபின் படை வந்ததும் பின்வாங்கியது. 1756-ல் கோட்டையின் ஆளுநராக வந்த ராபர்ட் கிளைவின் பெயரோடு இன்றும் அது பேசப்படுகிறது. பின்னாளில் மாவட்ட ஆட்சியரின் இல்லமாயிற்று. கோட்டை 1758-ல் லாலியின் படையிடம் வீழ்ந்து தகர்க்கப்பட்டது.

1690-ல் சென்னை ஆளுநர் எலிஹு யேல் காலத்தில் மராத்தியரிடமிருந்து இந்தக் கோட்டை வாங்கப்பட்டபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரையுள்ள நிலமெல்லாம் கும்பினிக்கு என்பது ஒப்பந்தம். அப்படி எல்லைக்குள் வந்தவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. 'குண்டு உப்பலவாடி' என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்றும் ஒலிக்கிறது. ஒரு குண்டு விழுந்த தூரத்தில் எத்தனை சேரிகள் ஒரே நாளில் கைமாறின என்பதை எந்தச் சுற்றுலாப் பலகையும் சொல்வதில்லை.

அதற்கும் முன், 17-ஆம் நூற்றாண்டில், டச்சுக் கும்பினி பழவேற்காட்டிலிருந்தும் தேவனாம்பட்டினத்திலிருந்தும் அடிமைகளைக் கப்பலேற்றிப் பத்தேவியாவுக்கு அனுப்பியது. மழை பொய்த்துப் பஞ்சம் வந்த ஆண்டுகளில் இந்த வணிகம் பெருகியது. பஞ்சத்தில் முதலில் விற்கப்பட்டவர்கள் நிலமற்றவர்கள். அருகிலுள்ள புதுச்சேரியில் 1743-ல் ஆட்களை ஏமாற்றிக் கடத்தி, ஒரு வீட்டில் அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். கிடங்கு என்பது சரக்கு வைக்கும் இடம் மட்டுமாக இருக்கவில்லை.

ஐரோப்பியர் வீடுகளில் சமையற்கட்டு மாளிகையிலிருந்து தள்ளியே கட்டப்பட்டது. சமையல்காரராக, பட்லராக, ஆயாவாக, குதிரைக்காரராக அங்கே வேலை செய்தவர்களில் பறையர் சமூகத்தினர் கணிசமானவர்கள். அந்த வீடுகள் வெறும் இழிவின் இடங்களாக மட்டும் இருக்கவில்லை என்பதையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜார்ஜ் ஹாரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், தம்மிடம் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைக் கொடுக்க, அது எல்லிஸிடம் சேர்ந்தது என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். பட்லர் வீட்டில் குறள் ஓலை இருந்தது. ஏவலர் குடியிருப்பைத் தோண்டுவது வறுமையின் எச்சங்களைத் தேடுவது மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும்.

அம்பேத்கரின் கேள்வி

1948-ல் வெளியான 'தீண்டப்படாதார்' பற்றிய நூலின் முன்னுரையில், நேரடிச் சான்றுகள் கிடைக்காத இடத்தில் ஆய்வாளர் அனுமானத்தைக் கொண்டு இடைவெளியை நிரப்புவது முறையே என்று அண்ணல் அம்பேத்கர் வாதிடுகிறார். தீண்டப்படாதோர் தொடக்கத்திலிருந்தே ஊருக்கு வெளியே குடியிருந்த சிதறிய குடிகள் என்பதும், தீண்டாமை பிற்காலத்தில் அவர்கள் மேல் சுமத்தப்பட்டது என்பதும் அவருடைய கருதுகோள். எழுத்துச் சான்றுகளை வைத்து அவர் அதைக் கட்டினார். சேரியைத் தோண்டிப் பார்த்த அகழாய்வு எதுவும் அன்று அவர் கையில் இல்லை.

இன்று அது மண்ணில் சோதிக்கக்கூடிய கேள்வி. ஓர் ஊரில் குடியிருப்பு எந்த அடுக்கில் இரண்டாகப் பிரிகிறது? அதற்கு முந்தைய அடுக்கில் பானையும் உணவும் கிணறும் பொதுவாக இருந்தனவா? பிரிந்தபின் எது முதலில் மாறியது? தமிழகத்தில் சாதி எப்போது நிலத்தின் மேல் கோடாக விழுந்தது என்பதற்கு விடை காண இதைவிட நேரடியான வழி இல்லை. கீழடியில் மன்னர் பெயரோ அரண்மனையோ கிடைக்காமலேயே, எழுத்து கீறிய பானை ஓடுகளுக்காகவே தமிழ்ச் சமூகம் அந்த இடத்தைக் கொண்டாடியது. எளிய மக்களின் ஓடுகளுக்கு அவ்வளவு மதிப்புத் தர முடிந்த சமூகம், சேரியின் ஓடுகளையும் தேடிப் பார்க்கத் தயங்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையும் வரலாற்று அல்லது தொல்லியல் முக்கியத்துவமும் உள்ள இடம் தொல்லியல் தலமாகும். அது அரசருடையதாக இருக்க வேண்டும் என்றோ கல்லால் ஆனதாக இருக்க வேண்டும் என்றோ சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே மாநில அரசு அகழாய்வு செய்வதற்கும் ஒன்றிய அரசின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது அதன் 24-ஆம் பிரிவு. அப்படியானால் ஒவ்வோர் அகழாய்வுக்கும் முன்பாக ஒரு முன்மொழிவும் நோக்கமும் எழுத்தில் இருக்கின்றன. நாம் தலையிட வேண்டிய முதல் இடம் அதுவே.

இரண்டாவது செய்தி, வாழும் மக்களைப் பற்றியது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒன்றிய அரசு பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கு அப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் ஆக்கியது. தடைசெய்யப்பட்ட பகுதியில் புதிய கட்டடம் எழுப்ப முடியாது. 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்த கட்டடத்தைப் பழுதுபார்க்க அனுமதி கோரலாம். பட்டாவும் வீட்டுவரி ரசீதும் வைத்திருப்பவர் அந்தத் தேதியை மெய்ப்பிப்பார். குடிசையைத் தவிர வேறு சான்று இல்லாத குடும்பம் எதைக் காட்டும்? முன்னோர் கட்டிய மாளிகையின் பெயரால், கட்டியவர்களின் வழிவந்தோர் ஆக்கிரமிப்பாளர் ஆக்கப்படும் முரண் இங்கேதான் பிறக்கிறது.

ஆனால் அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவு 'கட்டுமானம்' என்பதற்குத் தரும் விளக்கத்தை நம் தோழர்கள் நினைவில் வைக்க வேண்டும். வடிகால் அமைத்தல், பொதுக் கழிப்பறை, பொதுமக்களுக்கான குடிநீர், மின்சாரம் ஆகிய பணிகள் 'கட்டுமானம்' என்பதில் சேரா. "தொல்லியல் பகுதி, எனவே சேரிக்குக் குழாய் போட முடியாது" என்று எந்த அலுவலராவது சொன்னால், அந்தப் பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது சட்டத்தின்முன் நிற்காது. ஒவ்வொரு சின்னத்துக்கும் வகுக்கப்படும் மரபுச் சின்னத் துணைவிதிகளின் வரைவு வெளியிடப்படும்போது ஆட்சேபமும் ஆலோசனையும் தரும் உரிமை நமக்கு உண்டு.

நம் கோரிக்கைகள்

முதலாவது, அரண்மனை, கோட்டை, மாளிகை எதை அகழ்ந்தாலும், அதன் பணியிடங்களையும் சுற்றியிருந்த குடியிருப்புகளையும் கண்டறிவது எழுத்துப்பூர்வமான நோக்கங்களுள் ஒன்றாக இருக்க வேண்டும். கடலூர்த் தோட்ட மாளிகை வளாகத்திலும் தேவனாம்பட்டினக் கோட்டைப் பகுதியிலும் ஏவலர் குடியிருப்புகளையும் கிடங்குகளையும் தேடும் கள ஆய்வு நடத்தப்பட வேண்டும்.

இரண்டாவது, அருகில் வாழும் சேரி மக்கள் கூலிக்கு மண் வெட்டுபவர்களாக மட்டுமின்றி, இடப்பெயர்களையும் பழைய குளம், கிணறு, சுடுகாடுகளையும் அறிந்த தகவலாளர்களாக மதிக்கப்பட வேண்டும். மனித எலும்புகள் கிடைத்தால் மாண்போடு கையாள வேண்டும். நியூயார்க்கில் 1991-ல் கட்டடப் பணியின்போது ஆப்பிரிக்கர்களின் இடுகாடு வெளிப்பட்டது. மக்கள் போராட்டத்துக்குப் பின், 419 பேரின் எச்சங்கள் கறுப்பின அறிஞர்களின் தலைமையில் ஆராயப்பட்டு 2003-ல் அதே இடத்தில் மறுஅடக்கம் செய்யப்பட்டன. அதற்குக் குறைந்த எதையும் நாம் ஏற்க வேண்டியதில்லை.

மூன்றாவது, அகழாய்வின் பெயரால் எந்தச் சேரியும் அகற்றப்படக் கூடாது. நான்காவது, அறிக்கைகள் காலத்தோடு வெளிவர வேண்டும். கீழடி முதலிரு கட்ட அறிக்கை 2023-ல் அளிக்கப்பட்டும், அதைத் திருத்தித் தருமாறு 2025-ல் இந்தியத் தொல்லியல் துறை கேட்டதை நாம் பார்த்தோம். அறிக்கை வராத அகழாய்வு, தோண்டி மூடிய குழி மட்டுமே.

மாணவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் ஊரின் பழைய நில அளவைப் பதிவேடுகளில் ஊர் நத்தமும் சேரி நத்தமும் எந்த எண்களில் இருக்கின்றன என்று பாருங்கள். புலப்படத்தில் அவற்றைக் குறியுங்கள். முதியவர்களிடம் வயல், மேடு, துறை ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 6-ஆம் பிரிவின்கீழ், உங்கள் மாவட்டத்தில் நடந்த அகழாய்வின் முன்மொழிவு, குழிகளின் வரைபடம், அறிக்கையின் நிலை ஆகிய மூன்றையும் கேளுங்கள்; 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வரைபடம் கையில் கிடைத்ததும் அதில் ஒன்றை மட்டும் பாருங்கள்: மதிலுக்கு வெளியே ஒரு குழியாவது போடப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த பருவத்துக்கான நம் மனுவின் முதல் வரி அதுதான்.